மூன்றாம் குழுவின் பாலம்

ஐயா,

உன் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். திறப்பு விழா மலரில் போடுவதற்கு ‘மகனுக்கு ஒரு கடிதம்’ என்று நான் ஒன்று எழுதித் தர வேண்டுமாம். ஒரு பக்கம் போதுமாம். படிக்கிறவர்கள் கண்ணில் நீர் வர வேண்டுமாம். பக்க அளவையும் எதிர்பார்க்கும் விளைவையும் முன்னதாகவே சொல்லிவிட்டால் எனக்கு எழுதுவது சுலபம். முப்பத்து நான்கு வருடம் அப்படித்தான் பாடக்குறிப்பு எழுதினேன். ஆனால் உன் பேச்சின் அச்சுப்படியையும் அவள் கூடவே அனுப்பிவிட்டாள். அதைப் படித்த பிறகு விஷயம் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. கண்ணீருக்கும் நான் பொறுப்பேற்க முடியாது. கண்புரை அறுவைக்குப் பிறகு எனக்கு உளுத்தம்பருப்பு விலையைக் கேட்டாலே வருகிறது.

விக்கிரமசிங்கபுரத்தில் நான் வேலை பார்த்த, நீ படித்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கையால் செய்து பார்த்துக் கற்பதற்கென்று ஓர் அறை கட்டிக் கொடுக்கிறாய். உன் கம்பெனியின் ‘பாலம் கட்டு’ பெட்டிகளை அதில் அடுக்கப் போகிறாய். நல்ல காரியம். அன்று மேடையில் நீ சொல்லப் போவது இது: ‘எட்டாம் வகுப்பில் எங்கள் டீச்சர், அவர் என் அம்மாவும்கூட, செய்தித்தாளைக் கொடுத்து இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவே பாலம் கட்டச் சொன்னார். எப்படிக் கட்டுவது என்று சொல்லித் தரவில்லை. மற்றவர்களுடைய பாலங்கள் விழுந்தன. என்னுடையது நின்றது. அன்றுதான் நான் பொறியாளன் ஆனேன்.’ பழக்க தோஷத்தில் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டேன். இரண்டாவது வாக்கியம் பொய். மூன்றாவது வாக்கியம் அதைவிட மோசம். ஏனென்றால் அதை நான் என் கையால் உண்மையாக்கினேன். நீ மறந்துவிட்டாயா, மறந்ததுபோல் இருந்து இருந்து அது மறதியாகவே ஆகிவிட்டதா, எனக்குத் தெரியாது. நடந்ததை எழுதுகிறேன்.

அந்த வருடம் மேலிடத்திலிருந்து ஒரு கையேடு வந்தது. பிள்ளைகள் தாமாகவே யோசிக்க வேண்டும், தவறிப் பார்க்க வேண்டும், திருத்திக்கொள்ள வேண்டும் என்று அதில் இருந்தது. அப்படித் தாமாக யோசிப்பதை ஓர் அதிகாரி வந்து நாற்பது நிமிடம் பார்வையிடுவார் என்று சுற்றறிக்கையில் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்த தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். “டீச்சர், புள்ளைய தானா யோசிக்கணுமாம். ஒரு வாரத்துக்குள்ள பழக்கிருங்க” என்றார். அவர் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. நானும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

மாதிரி வகுப்பு எடுப்பதில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. யார் சந்தேகம் கேட்பது, யார் பதில் சொல்வது, எந்த இடத்தில் வகுப்பே வியப்பது என்பதுவரை பாடக்குறிப்பில் இருக்கும். பாடம் விசையைப் பற்றியது. ஒரு பாலம் நிற்க வேண்டும், ஒரு பாலம் விழ வேண்டும். விழுந்தால்தான் ‘ஏன் விழுந்தது?’ என்று நான் கேட்க முடியும். கேட்டால்தான் ஒருவன் எழுந்து விசையின் இலக்கணத்தைச் சொல்ல முடியும். முதல் குழுவுக்கு நீ தலைவன். உன் பாலம் நிற்கும். இரண்டாம் குழுவினுடையது தொய்யும். மூன்றாவதை நான் அடிக்கோடிட்டே எழுதியிருந்தேன்: ‘மூன்றாம் குழுவின் பாலம் விழுதல். காரணம் வினவுதல்.’ தோற்கிறவர்களை முன்கூட்டியே நியமித்துவிட்டால் வகுப்பு நேரத்துக்கு முடியும். மூன்றாம் குழுவுக்கு யாரைப் போடுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. மில்லில் தினக்கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், அடிக்கடி வராதவர்கள், என்ன நடந்தாலும் வீட்டிலிருந்து யாரும் வந்து கேட்காதவர்கள். எந்தத் தெருப் பிள்ளைகள் என்பதும் என் மனதில் இருந்ததா என்று கேட்பாய். இருந்தது. அது இல்லாமல் அந்தப் பட்டியலை அவ்வளவு வேகமாக எழுதியிருக்க முடியாது.

உன் குழுவுக்கு வீட்டில் ஆறு சாயங்காலம் ஒத்திகை நடந்தது. முதல் நாள் நீ தாளைத் தட்டையாகப் போட்டாய்; இரண்டு டார்ச் செல் வைத்ததுமே தொங்கிவிட்டது. தலையைச் சொறிந்துகொண்டு, “மடிச்சுப் பாக்கட்டுமாம்மா?” என்றாய். அந்த இடத்தில் நான் எழுந்து அடுப்படிக்குப் போயிருக்க வேண்டும். போயிருந்தால் உன் பேச்சில் இரண்டாவது வாக்கியம் உண்மையாகியிருக்கும். உனக்கே மடிப்பு தோன்றியிருந்தது, இன்னும் கால் மணி நேரத்தில் குழலும் தோன்றியிருக்கும். நான், “மடிக்காத, சுருட்டு” என்றேன். எவ்வளவு இறுக்கமாகச் சுருட்டுவது, எத்தனை குழல், எங்கே நூல் கட்டுவது, எல்லாம் நானே சொன்னேன். உன் அப்பா அப்போது மில்லில் டைம்கீப்பர். ஷிப்டு முடிந்து வந்தவர் வாசலில் நின்று பார்த்தார்.

“ஏளா, பாலம் கட்டுதது புள்ளையா, நீயா?”

“ஆபீசர் முன்னால நிக்கணும்லா?”

“எது, பாலமா, நீயா?”

அவர் காபியைக் குடித்துவிட்டு மறுபடி வந்தார். “விழுத பாலத்த யாரு கட்டுதா?”

“மூணாம் குழு.”

“அவங்களுக்கு ஒத்திக கெடையாதா? விழுததும் ஒழுங்கா விழணும்லா.”

நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். மறுநாள் பள்ளியில் அதற்கும் ஒத்திகை வைத்தேன். அன்று மூன்றாம் குழுவில் செல்வி என்ற பிள்ளை மட்டும் வரவில்லை. அவள் அம்மாவைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தார்கள். வீட்டுப் பொறுப்பு அவள் தலையில். அதிகாரி வந்த அன்று காலையில்தான் வந்தாள். அந்த வகுப்பில் கேள்வியை முதன்முதலாகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். கையேட்டில் சொல்லியிருந்த மாணவி எங்கள் பள்ளிக்கூடத்திலேயே அவள் ஒருத்திதான் என்றும் சொல்லலாம்.

பெஞ்சுகளுக்கு நடுவே ஒன்றரை அடி இடைவெளி. செய்தித்தாள், மைதாப் பசை, மில்லில் கழித்துப் போட்ட நூல், எடைக்குப் பழைய டார்ச் செல்கள். மூன்றாம் குழுவில் ஒருத்தி செல்வியின் காதில் சொன்னது எனக்குக் கேட்டது. “நம்மது விழணும்ட்டி. டீச்சர் சொல்லிருக்காவ.” செல்வி, “எதுக்குட்டி விழணும்?” என்றாள். அதற்கு விடை தெரியாமல் அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது. நான் கரும்பலகையைப் பார்த்தேன்.

செல்வி நூலை எடுத்து இந்தப் பெஞ்சின் காலில் கட்டினாள். மேலே கொண்டுபோய், விளிம்பைத் தாண்டி, இடைவெளியின் குறுக்கே இழுத்து, அந்தப் பெஞ்சின் காலில் முடிந்தாள். இப்படி நாலு இழை, விரலால் சுண்டினால் அதிரும்படி. அதன்மேல் தாளை மடித்து விரித்தாள். பிறகு பெஞ்சுக்கு ஒருவனாக இரண்டு பையன்களை உட்கார வைத்து, “எந்திரிச்சிராதீங்கலே, பெஞ்சு உள்ள நவுந்துரும்” என்றாள். நூல் பெஞ்சுகளை உள்நோக்கி இழுக்கும் என்பதை அந்தப் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொல்லவில்லை. அப்போது எனக்கே அது உடனே தோன்றியிருக்குமா என்பது சந்தேகம்.

உன் பாலம் பதினோரு செல் தாங்கியது. வகுப்பு திட்டப்படி வியந்தது. செல்வியின் பாலத்தில் பதினான்கு வைத்தோம். பெட்டியில் செல் தீர்ந்துவிட்டது. அதிகாரி குனிந்து பார்த்தார். “யாரும்மா சொல்லிக் குடுத்தா?” என்றார். “யாரும் சொல்லல சார். நூல தள்ள முடியாது, இழுக்கத்தான் முடியும். அதான் இழுத்துக் கட்டிட்டேன்” என்றாள். விசையைப் பற்றி அந்த நாற்பது நிமிடத்தில் பேசப்பட்ட ஒரே உண்மையான வாக்கியம் அது. அதிகாரி தலையாட்டிவிட்டுக் கையிலிருந்த என் பாடக்குறிப்பைப் புரட்டினார். இரண்டாம் பக்கத்தில் நின்றார். “டீச்சர், இது விழணும்னுல்லா போட்டிருக்கு?”

அவரும் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை.

மேசையில் கத்தரிக்கோல் இருந்தது. “நூல் முடிச்சுப் போடுறதுக்கு மட்டும்தான். இது விதிக்கு மாறானது” என்று சொல்லிக்கொண்டே வெட்டினேன். இரண்டு இழையை வெட்டியும் நின்றது. மூன்றாவதில் சரிந்தது. செல்கள் உருண்டு பெஞ்சுக்கு அடியில் போயின. ஒத்திகையில் பழகியபடி வகுப்பு, “ஐயோ” என்றது. “ஏன் விழுந்தது?” என்று கேட்டேன். நியமிக்கப்பட்ட பையன் எழுந்து விசையின் இலக்கணத்தைப் பிழையில்லாமல் சொன்னான். ‘டீச்சர் வெட்டினதால்’ என்பதுதான் சரியான விடை. நாற்பது பேரில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. என்னிடம் படித்த பிள்ளைகள் அவ்வளவு நன்றாகப் படித்திருந்தார்கள். உனக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் பரிசு. எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம். வீட்டுக்கு வந்த பிறகு நீ ஒரே ஒரு தடவை, “அவ பாலமும் நின்னுச்சில்லாம்மா?” என்றாய். “அது செல்லாது” என்றேன். நீ அதற்கப்புறம் கேட்கவே இல்லை. என் மகனை நான் கடைசியாகப் பாழாக்கியது அந்த ஒரு சொல்லில்தான் என்று இப்போது நினைக்கிறேன். பிறகு நீயாகவே பார்த்துக்கொண்டாய்.

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தவளுக்கு இப்போது என்ன வந்தது என்று கேட்பாய். போன மாதம் உன் பெட்டியை வைத்து வகுப்பு நடத்துவதைப் பார்க்க வாருங்கள் என்று என்னைச் சாத்தான்குளத்துக்குக் கூட்டிப்போனாயே, அங்கே வந்தது. ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கு எட்டிய தூரம் பனை. உள்ளே உன் பெட்டியிலிருந்து எடுத்த பிளாஸ்டிக் குச்சிகள். பின்வரிசையில் ஒரு பெண்பிள்ளை நூலைத் தட்டுக்கு அடியில் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தது. உன் கம்பெனி பனியன் போட்ட பயிற்சியாளர் சிரித்த முகத்தோடு போய், “பாப்பா, நாலாவது விதியப் படிச்சியா?” என்று கேட்டு, முடிச்சை அவிழ்த்தார். கத்தரிக்கோல்கூட இல்லை, பெட்டியில் கூர்மையான பொருள் வைப்பதில்லையாமே. நான் விதி அட்டையை வாங்கிப் பார்த்தேன். நான்கு நிறத்தில், வழவழப்பான தாளில் இருந்தது: ‘விதி 4. நூல், முடிச்சுப் போடுவதற்கு மட்டும்.’

திரும்பி வரும்போது காரில் கேட்டேன், “இந்த விதிய எங்கேருந்துய்யா எடுத்த?” நீ போனைப் பார்த்துக்கொண்டே, “எல்லா எடத்துலயும் உள்ள விதிதாம்மா. ஒங்க கிளாஸ்லயே இருந்துச்சில்லா” என்றாய். கார் திருநெல்வேலி தாண்டி, ஆற்றை ஒட்டி மேற்கே வீடு வந்து சேர்ந்தது. இறங்கியதும் டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தப் பழைய கையேட்டைத் தேடி எடுத்தேன். பொருள்களின் பட்டியலில் நூலுக்கு எதிரே இரண்டே சொல் இருந்தது: ‘மாணவர் விருப்பப்படி.’ அந்த விதி எந்தக் கையேட்டிலும் இல்லை, ஐயா. பயத்தில், ஓர் அதிகாரியின் முகத்தைப் பார்த்தபடி, வெட்டுகிற கைக்கு ஒரு நியாயம் வேண்டியிருந்ததால் அந்த நிமிடத்தில் நான் உண்டாக்கியது. நான் ஒரு பாலத்தை ஒரு தடவை வெட்டினேன். நீ அதை அச்சடித்து, பெட்டியில் போட்டு, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அனுப்பிக்கொண்டிருக்கிறாய். தாயின் தவறைப் பிள்ளைகள் பெரிதாக்குவார்கள் என்பது தெரிந்ததுதான். இவ்வளவு நல்ல தாளில் அச்சடிப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

செல்வியைத் தேடிப் போனேன். தேடவே வேண்டியிருக்கவில்லை, அவளும் அவள் வீட்டுக்காரரும் பாபநாசம் பக்கம் பந்தல் போடுகிறார்கள். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டாள். அதற்குக் காரணம் என் கத்தரிக்கோல்தான் என்று சொன்னால் எனக்கு நானே மிகப் பெரிய இடம் கொடுத்துக்கொள்வதாகும். அவளை நிறுத்துவதற்கு வீட்டில் வேறு போதுமான காரணங்கள் இருந்தன. நான் போனபோது ஒரு கல்யாணத்துக்குப் பந்தல் ஏறிக்கொண்டிருந்தது. கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றாள். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

“வாங்க டீச்சர். என்ன இந்த வெயில்ல?”

வீட்டுக்காரர் ஏணியிலிருந்து, “யாருளா?” என்றார்.

“எங்க எட்டாங்கிளாஸ் டீச்சர். விசைன்னா என்னன்னு நாப்பது தடவ எழுத வச்சவுக.”

“இப்பவும் எழுதச் சொல்லப் போறாவளா? கயித்த விட்டுராத, நான் மேல நிக்கேன்.”

அவர் இறங்கும்வரை காத்திருந்தேன். பிறகு நின்றவாக்கில் எல்லாவற்றையும் சொன்னேன். பாடக்குறிப்பில் எழுதியிருந்ததை, விதி என்று ஒன்று இல்லாததை. அவள் கயிற்றை முறுக்குப் பிரித்துக்கொண்டே கேட்டாள். அழவில்லை. கோபப்படவும் இல்லை. நான் இரண்டில் ஒன்றை எதிர்பார்த்துப் போயிருந்தேன். அதற்கும் மனதுக்குள் ஒரு பாடக்குறிப்பு வைத்திருந்தேன் போலிருக்கிறது.

“எனக்கு அது தெரியாது டீச்சர்” என்றாள். “நீங்க வெட்டுனது பரீட்சைன்னுல்லா நெனச்சேன்? ஒரு இழ போனாலும் நிக்குதான்னு பாக்கதுக்கு வெட்டுதிய, நம்ம பாலம் அதுல தோத்துட்டுன்னு நெனச்சேன். அன்னைக்கு வீட்டுல உக்காந்து ரெட்ட நூலா போட்டு, ஒண்ணொண்ணும் தனித்தனியா முடிஞ்சி கட்டிப் பாத்தேன். மூணு வெட்டுனாலும் நின்னுச்சி. மறுநா அத பலகையில வச்சி அப்படியே தூக்கிட்டு வந்தேன்.”

“எங்கிட்டயா?”

“ஒங்கள்டதான். ‘அதெல்லாம் முடிஞ்சி போச்சி, போய் உக்காரு’ன்னிய. அடுத்த பாடம் நடத்தணும்னிய.” கயிற்றின் அடுத்த முறுக்கைப் பிரித்துக்கொண்டே, “ஒளியைப் பத்தி” என்றாள்.

எனக்கு அது நினைவில் இல்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை. கத்தரிக்கோல் நினைவிருக்கிறது, அதிகாரியின் செருப்பு நினைவிருக்கிறது, செல்கள் உருண்ட சத்தம் நினைவிருக்கிறது. ஒரு பிள்ளை தோல்வியிலிருந்து தானாகவே யோசித்து, திருத்திக்கொண்டு, சரியான விடையைப் பலகையில் வைத்து என் மேசைவரை தூக்கி வந்தது நினைவில்லை. கையேடு கேட்டது முழுவதும் மறுநாள் காலையில் என் முன்னால் நின்றிருக்கிறது. அதைப் பார்வையிட அதிகாரி யாரும் வராததால் நானும் பார்க்கவில்லை.

உன் விழாவுக்குப் பந்தலும் அவர்களுடையதுதானாம். இப்போதைய தலைமை ஆசிரியர் சொல்லிவிட்டாராம். அவளிடம், அன்று மேடைக்கு வா, எனக்குப் போடுகிற நாற்காலியில் நீ உட்கார், நான் அவனிடம் பேசிக்கொள்கிறேன் என்றேன். அவள் சிரித்தாள்.

“நல்லாச் சொன்னிய. பந்தல் போட்டவ மேடையில போயி உக்காந்தா காத்தடிக்கும்போது கயித்த யாரு பாக்கது?”

“அவன் பேசுவான் செல்வி. அந்தக் கதயச் சொல்லுவான்.”

“சொல்லட்டும் டீச்சர். நான் பந்தல் மூலக்கால்கிட்டதான் நிப்பேன். கேக்கத்தான் செய்வேன்.”

ஐயா, அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. ஆனால் தகுதி உள்ளவர்கள் சொல்லி யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை. நாலாவது விதியை எடுத்துவிடு. அச்சடித்த அட்டைகள் வீணாகும் என்பாய், வீணாகட்டும். உன் பயிற்சியாளர்களிடம், விடை தெரிந்த ஆள்போல் நிற்க வேண்டாம் என்று சொல். பிள்ளை நூலைக் கையில் எடுத்தால், கயிற்றை எடுத்தால், ஜன்னலுக்கு வெளியே போய்ப் பனைநாரைக் கிழித்துக்கொண்டு வந்தால், அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கட்டும். அது மிகவும் கடினமான வேலை. முப்பத்து நான்கு வருடத்தில் எனக்கு ஒரு நாள்கூட வரவில்லை. உன் பெட்டியில் பாலங்கள் விழும், விழட்டும். எது விழும் என்று முந்தின நாளே உனக்குத் தெரிந்திருந்தால் மட்டும் பயப்படு.

பேச்சில் மூன்றாவது வாக்கியத்தை அடித்துவிட்டு இதை எழுதிக்கொள்: ‘மூன்றாம் குழுவின் பாலம் நின்றது. என்னுடையதைவிட அதிகம் தாங்கியது. என் அம்மா அதை வெட்டினார்.’ பழைய வாக்கியத்தைவிடக் கொஞ்சம் நீளம். உன் பெயருக்கு அதனால் பெரிய சேதம் வராது. ஊருக்கு ஓர் அறை கட்டிக் கொடுத்தவனை அந்த ஊர் ஒரு செய்தித்தாள் பாலத்துக்காகக் கைவிடாது. என் பெயருக்கு வரும். வரட்டும். அந்தப் பாராட்டுக் கடிதம் இன்னும் சட்டம் போட்டபடி சுவரில் தொங்குகிறது. அதைக் கழற்ற எனக்கு இவ்வளவு வருடமாகக் கை வரவில்லை என்பதையும் நீ சேர்த்துச் சொல்லலாம்.

எனக்குப் பொன்னாடை வேண்டாம், மேடையில் நாற்காலியும் வேண்டாம். கீழே பந்தலின் மூலைக்கால் பக்கத்தில் அவளோடு நிற்பேன். மேடையில் நீ அந்த இடத்துக்கு வரும்போது எந்த வாக்கியத்தைச் சொல்லப் போகிறாய் என்பது உன் விருப்பப்படி. நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். செல்வியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அன்று நூலை வெட்டும்போது நான் பார்க்கத் துணியாதது அதைத்தான்.

அம்மா